பங்கேற்பாளர்களை வரைபடத்தில் போட்டேன், பாதிப் பேர் ஒரே இடத்தில் குவிகிறார்கள். இதை நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, பெரியவர்களுக்கு வேலைக்கான பயிற்சி, இவைதான் எங்கள் வேலை. பல வருடப் பதிவேடு எக்செல்லில் இருக்கிறது: பெயர், முகவரி, வயது, எந்த வகுப்பு, எத்தனை நாள் வந்தார்கள். இரண்டாவது மையத்தை எங்கே தொடங்கலாம் என்று நிர்வாகக் குழு கேட்பதால், முகவரிகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிப் பார்த்தேன். ஒரே இடத்தில் பெரிய குவியல். இதைக் காட்டி "இங்கேதான் தேவை அதிகம்" என்று சொல்லலாமா? இந்த வரைபடத்தை அப்படியே வலைத்தளத்தில் போட்டால் நன்கொடையாளர்களுக்குப் புரியும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதில் 1:
முதலில் அந்தக் குவியலைப் பெரிதாக்கிப் பாருங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தால் அது மக்கள் கூட்டமில்லை. கதவு எண்ணோ தெருப் பெயரோ பிடிபடாதபோது பல ஜியோகோடிங் சேவைகள் (முகவரியை வரைபடப் புள்ளியாக மாற்றித் தருபவை) பிழை என்று சொல்லாமல், அந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடும். எந்த அளவுக்குப் பொருந்தியது என்று பெரும்பாலும் ஒரு தனிப் பத்தி (நெடுவரிசை) வரும், அதை வைத்து வடிகட்டுங்கள். மூன்று வகுப்பில் சேர்ந்த ஒரே பிள்ளை மூன்று வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் நாமினாட்டிம் என்ற ஜியோகோடிங் பொதுச் சேவையகத்தைப் பயன்படுத்தினால் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி. எந்தச் சேவையாக இருந்தாலும் முகவரியை மட்டும் அனுப்புங்கள். பெயரும் வயதும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகத் தேவையே இல்லை.

பதில் 2:
குவியல் உண்மையாகவே இருந்தாலும் அது "தேவை" ஆகாது, வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்லும். வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் எதை வரைந்தாலும் புள்ளிகள் அதிகமாகத்தான் விழும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பகுதிவாரியாக அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எடுத்து, நூறு பேருக்கு எத்தனை பேர் உங்களிடம் வருகிறார்கள் என்று கணக்கிடுங்கள். படம் தலைகீழாக மாறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

என்னைக் கேட்டால், புள்ளியே விழாத இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி அவை குவிந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த ஓர் ஏழைகள் இல்லத்தில் 500க்கு மேற்பட்டவர்கள் இருந்தும் இறந்தவர்கள் ஐந்தே பேர், அதே தெருவில் இருந்த மதுவடிப்பாலையில் ஒரு தொழிலாளிகூட இறக்கவில்லை. ஏன் என்று அவர் போய் விசாரித்தார். இல்லத்துக்குச் சொந்தக் கிணறு இருந்தது, மதுவடிப்பாலைக்காரர்கள் அந்தப் பம்புத் தண்ணீரையே குடிக்கவில்லை. அந்த வெற்றிடங்கள்தான் அவர் வாதத்தை உறுதியாக்கின. உங்கள் வெற்றிடத்திலும் ஏதோ காரணம் இருக்கும்: கடக்க முடியாத சாலையாக இருக்கலாம், வகுப்பு நேரமாக இருக்கலாம், உங்களைப் பற்றி யாரும் சொல்லாததாகவும் இருக்கலாம். அதை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் போடாதீர்கள். 15 நிமிடத்தில் நடந்து வரக்கூடிய பரப்பை வரையுங்கள். நடுவே தண்டவாளமோ ஆறோ இருந்தால் இரண்டும் வேறு வேறு உருவமாக இருக்கும்.

பதில் 3:
தயவுசெய்து புள்ளி வரைபடத்தை வெளியிடாதீர்கள். அதில் இருப்பவை பிள்ளைகளின் வீடுகள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் வெளியிட்ட ஆய்வில், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று மதிப்பிட்டார். அட்சரேகையில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் ஏறக்குறைய 11 மீட்டர், அதாவது வீட்டு வாசல் வரை வந்துவிடும். வெளியாட்களுக்குப் பகுதிவாரி எண்ணிக்கை போதும், அதிலும் ஐந்து பேருக்குக் குறைவான பகுதியைப் பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடுங்கள். முகவரி வாங்கும்போது எதற்கு என்று பெற்றோரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் இப்போதாவது சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. பார்த்தேன், குவியலில் பெரும்பகுதி நடுப்புள்ளிதான். திருத்திய பிறகு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட காலியாக இருக்கிறது, நாங்களோ அதுவும் நம் எல்லைக்குள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மையம் பற்றிய முடிவைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை இரண்டு பேர் அங்கே போகிறோம். வருகைப் பத்தியையும் தூரத்தோடு வைத்துப் பார்க்கலாமா?

பதில் 2:
கண்டிப்பாக. சேர்ந்தவர்களையும் தொடர்ந்து வந்தவர்களையும் தனித்தனியாக வரையுங்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் சில வாரங்களில் நின்றுவிடுகிறார்கள் என்று தெரிந்தால், சனிக்கிழமை முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.