மப்பு இல்லாத இரவு

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

செல்வி அத்தை (காலை 6.12): நேற்றிரவு நுவரெலியாவில் உறைபனி கொட்டி, பள்ளத்தில் நின்ற தேயிலையின் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது. முந்தாநாள் மப்பாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இந்த லட்சணத்தில், பூமி சூடாகிறது என்று யாரோ செய்தி அனுப்பியிருக்கிறீர்களே!

கவின்: அனுப்பியது நான்தான், அத்தை. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. காற்றில் காபனீரொட்சைட்டு வெறும் 0.04 சதவீதம்தானே, அது எப்படி உலகத்தையே சூடாக்கும்?

முருகேசு மாமா: அத்தை சொன்னதிலேயே விடை இருக்கிறது, கவின். பகல் வெயிலில் சூடேறிய மண், இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர்களாக வானத்துக்கு விடுகிறது. முந்தாநாள் முகில் அதை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்ப நம் மலைக்கே அனுப்பியது. நேற்று முகிலும் இல்லை, காற்றும் வறண்டிருந்தது, ஆகவே பனி விழுந்தது. காபனீரொட்சைட்டும் மெதேனும் அதே வேலையை இரவு பகல் பாராமல் செய்கின்றன. காற்றில் ஏறக்குறைய 99 சதவீதமாக உள்ள நைதரசனும் ஒட்சிசனும் இந்தக் கதிர்களை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. 1859இல் டிண்டால் என்ற அறிஞர் வாயுக்களை ஒரு குழாயில் அடைத்து இதை அளந்தே காட்டினார். வெப்பத்தை உறிஞ்சும் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை, இன்றுள்ள சுமார் 15 பாகைக்குப் பதிலாக, மறை 18 பாகையாக இருக்கும்.

கவின்: அப்படியானால் அவை நமக்கு நன்மைதானே, மாமா?

முருகேசு மாமா: நன்மைதான், கூடிக்கொண்டே போவதுதான் சிக்கல். ஆலைகள் பெருகுமுன் காற்றில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 ஆகி, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வாயு கூடக் கூட, வெப்பம் விண்வெளிக்குத் தப்பும் இடம் இன்னும் உயரத்திலுள்ள குளிர்ந்த படைக்கு ஏறிவிடுகிறது. குளிர்ந்த படை குறைவாகவே வெப்பத்தை வெளியே விடும் என்பதால், வரவும் செலவும் சமப்படும் வரை கீழே சூடு ஏறத்தான் செய்யும். அதற்காக ஓர் இரவுப் பனி நின்றுவிடாது; பல ஆண்டுகளின் சராசரிதான் உயர்கிறது.

செல்வி அத்தை: பச்சைவீட்டு வாயு என்கிறார்களே, நாங்கள் தக்காளி போடும் பொலித்தீன் கூடாரம் மாதிரியா?

முருகேசு மாமா: பெயர் பொருத்தமில்லை என்பது என் எண்ணம். கூடாரம் சூடாவது, உள்ளேயுள்ள சூடான காற்று மேலெழுந்து போக முடியாததால்தான். நீங்கள் ஓரத்தைச் சுருட்டிவிட்டால் உடனே ஆறிவிடுகிறதல்லவா? இன்றும் வானம் வெளித்திருக்கிறது, நாற்றுமேடையை மாலையிலேயே சாக்குப் போட்டு மூடிவிடுங்கள்.

செல்வி அத்தை: நல்ல சாக்கு நான்குதான் இருக்கிறது. கவின், வரும்போது கடையில் இன்னும் இரண்டு வாங்கி வா.