கோட்டா, லிமிட்: இரண்டையும் ‘வரம்பு’ என்று எழுதலாமா?

வணக்கம் சேர், நண்பர்களே, கோட்டா (quota), லிமிட் (limit) என்ற சொற்களைத் தமிழாக்குவது பற்றிச் சேர் எழுதியிருந்தது:

> இரண்டுக்கும் ‘வரம்பு’ என்றே போடுவோம். படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

சேர், இதில் மட்டும் நான் உடன்படவில்லை. முகிலில் (இணையவழி வாடகைக் கணினிகளில்) இயங்கும் தொடரேட்டு (பிளாக்செயின்) சேவைகளின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது இவ்விரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். கூகிள் கிளவுட் ஆவணங்களிலேயே பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கோட்டா, பொதுவாக விண்ணப்பித்தால் கூட்டித் தரக்கூடியது. சிஸ்டம் லிமிட், யார் கேட்டாலும் மாறாதது. இரண்டையும் ‘வரம்பு’ என்று எழுதிவிட்டால், விண்ணப்பம் போடுவதா, தன் நிரலை மாற்றுவதா என்று படிக்கும் பிள்ளை எப்படித் தீர்மானிக்கும்?

இங்கே திருகோணமலையில் வகுப்பெடுக்கும்போது நான் 2022 பெற்றோல் வரிசையைத்தான் எடுத்துச் சொல்வேன். கியூஆர் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. அது அரசு வைத்த கணக்கு. பிறகு கூட்டினார்கள், 2023 செப்டெம்பரில் எடுத்தே விட்டார்கள். ஆனால் சைக்கிளின் தாங்கி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் கொள்ளும். முன்னது கோட்டா, பின்னது லிமிட். இங்குள்ள சீனக்குடா எண்ணெய்க் குதங்களை (பெரிய சேமிப்புத் தாங்கிகளை) பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சொன்னவுடனேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, லிமிட்டுக்கு ‘வரம்பு’ இருக்கட்டும். கோட்டாவுக்கு ‘ஒதுக்கீடு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ‘நினைவக ஒதுக்கீடு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, இரண்டும் மோதும். ‘பங்கீடு’ என்றால் இருப்பதைப் பலருக்குப் பிரிப்பது. நமக்குத் தேவை ஒருவருக்கென்று குறித்து வைத்த அளவு. அதனால் ‘ஒதுக்களவு’ என்று முன்மொழிகிறேன். சொல்லும் சிறியது, பிழைச்செய்தியிலும் அடங்கும். கோரிக்கைகள் அளவு மீறினால் 429 என்ற பிழை எண் வரும் இடத்தில் ‘ஒதுக்களவு முடிந்தது, சற்றுப் பொறுத்து முயலவும்’ என்று போட்டுப் பாருங்கள்.

அப்புறம், இதில் வகைகளும் உண்டு. நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கை என்பது ஒரு வகை. அடுத்த நிமிடம் வந்தால் அது மறுபடி முழுதாகக் கிடைத்துவிடும். ஒரு திட்டத்தில் இத்தனை கணுக்கள் (தொடரேட்டு வலையமைப்பில் இணையும் கணினிகள்) வைத்திருக்கலாம் என்பது வேறு. எத்தனை நாள் காத்திருந்தாலும், ஒரு கணுவை நீக்கினால்தான் இடம் கிடைக்கும். முதலாவதை ‘வீத ஒதுக்களவு’ என்றும் மற்றதை ‘இருப்பு ஒதுக்களவு’ என்றும் இப்போதைக்குக் குறித்திருக்கிறேன்.

எதீரியம் என்ற தொடரேட்டின் காஸ் லிமிட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். காஸ் என்பது அதில் ஒரு செயலுக்கு ஆகும் கணிப்பு வேலையை அளக்கும் அலகு. சாதாரணமாக ஈதர் (எதீரியத்தின் நாணயம்) அனுப்ப 21,000 காஸ் செலவாகிறது. ஒரு தொகுதிக்குள் (பரிமாற்றங்களைச் சேர்த்துக் கட்டும் பிளாக்) மொத்தம் எவ்வளவு காஸ் அடங்கலாம் என்பதை வலையமைப்பின் சரிபார்ப்பாளர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். முகில் நிறுவனத்தின் கையில் அது இல்லை. வீத ஒதுக்களவை எவ்வளவு கூட்டி வாங்கினாலும், தொகுதி வரும் இடைவெளி 12 விநாடிதான். இதைப் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். பணத்தைக் கட்டிக் கூடுதல் ஒதுக்களவு வாங்கினால் பரிமாற்றம் விரைந்து முடியும் என்று நினைக்கிறார்கள். ஆகவே இதற்குக் ‘காஸ் வரம்பு’ என்றே எழுதுவோம்.

‘இருப்பு’ என்ற சொல்தான் இடிக்கிறது. கணக்கில் மீதியிருக்கும் தொகையையும் இருப்பு என்றுதான் சொல்கிறோம், தொடரேட்டில் அந்தப் பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். ‘கொள்ளிட ஒதுக்களவு’ நீளமாகப் படுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து