இறையியல் படித்தால் மனபாரம் குறையுமா?

கேள்வி: அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது, சபையில் ‘விசுவாசம் இருந்தால் அழக்கூடாது’ என்கிறார்கள், எனக்கோ ஜெபமே வரவில்லை. வேலை பார்த்துக்கொண்டே இறையியல் படிக்க ஆசை. அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா?

பதில் 1: தம்பி, நான் படித்ததில் என்னைத் தாங்கியது பைபிளில் உள்ள 88ஆம் சங்கீதம் என்ற ஜெபப்பாடல். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும், இது இருளிலேயே முடிகிறது, அப்படியும் அதை யாரும் வேதத்திலிருந்து தூக்கவில்லை. அழுகையும் ஜெபம்தான்.

பதில் 2: பைபிளில் 1 இராஜாக்கள் புத்தகம், 19ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தடவை! தூக்கம் கெட்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள், படிப்பு அப்புறம்.

கேட்டவர்: சரி அண்ணா. தூக்கமும் இல்லைதான்.