மறு: மிடில்வேர் – இடைப்பொருளா, இடைமடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மிடில்வேர் (middleware) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் ஒருவர் கேட்டிருந்தார்:

> மிடில் என்றால் இடை, வேர் என்றால் பொருள். மென்பொருள், வன்பொருள் இருக்கும்போது இடைப்பொருள் இயல்பாக வருகிறதே, வேறு சொல் எதற்கு?

வருகிறது ஐயா, மறுக்கவில்லை. நோடில் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட்டைச் சேவையகத்தில் ஓட்டும் மென்பொருள்) வலைச் சேவையகம் எழுதச் சொல்லித் தரும் என் மாலை வகுப்புக் குறிப்புகளிலும் இவ்வளவு நாள் இடைப்பொருள் என்றுதான் இருந்தது. போன மாதம் வகுப்பில் நடந்த ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது.

ஊர் நூலகத்துக்கு எக்ஸ்பிரஸில் (Express, நோடில் வலைச் சேவையகம் எழுத உதவும் நிரல்தொகுப்பு) ஒரு சின்னச் சேவையகம் கட்டிக்கொண்டிருந்தோம். வருகிற கோரிக்கை ஒவ்வொன்றின் நேரத்தையும் முகவரியையும் அச்சிடும் செயற்கூறு (function) ஒன்றை ஒரு மாணவி எழுதி ஓட்டினார். முனையத்தில் இரண்டும் சரியாக வந்து விழுந்தன. உலாவியில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. செயற்கூற்றின் கடைசியில், கோரிக்கையை அடுத்த செயற்கூற்றுக்கு விடும் நெக்ஸ்ட்டை (next) அழைக்கும் வரி விட்டுப்போயிருந்தது. "ஓர் இடைப்பொருள் அடுத்த இடைப்பொருளை அழைக்க வேண்டும்" என்று நான் இரண்டு தடவை சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த பேராவூரணிப் பையன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "மடையத் தொறக்கல, அதான் தண்ணி அங்கயே நிக்குது" என்றான். அந்தப் பெண் உடனே விட்ட வரியைச் சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பொருள் என்ற பகுதிமேல்தான் சந்தேகம். மிடில்வேர் என்ற ஆங்கிலச் சொல் பழையது. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டின் அறிக்கையிலேயே அது இருக்கிறது. கணினியின் அடிப்படை மென்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் நடுவில் உட்காரும் மென்பொருள் அடுக்கு என்பது அங்கே அதன் பொருள். அந்தப் பொருளுக்கு இடைப்பொருளோ இடைமென்பொருளோ எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் 2010-இல் வந்த எக்ஸ்பிரஸிலும், அது முதலில் சார்ந்திருந்த கனெக்ட் (Connect) என்ற நிரல்தொகுப்பிலும் இந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கிறது. இங்கே அது கோரிக்கை, மறுமொழி, நெக்ஸ்ட் என மூன்று அளபுருக்களை (parameters) வாங்கிக்கொள்ளும் ஒரு செயற்கூறு. கோரிக்கை போகும் வழியில் நின்று, மேலே விடுவதா, தானே பதில் சொல்லி முடிப்பதா, பிழை என்று வேறு பக்கம் திருப்புவதா என்று தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அப்படியே சுமக்க வேண்டியதில்லை.

என் பரிந்துரை: இடைமடை.

தலைமடையும் கடைமடையும் டெல்டாவில் இன்றும் புழங்கும் சொற்கள். மேட்டூரில் வழக்கம்போல ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பதுதான் ஒவ்வோர் ஆண்டும் அங்கே பேச்சு. எக்ஸ்பிரஸிலும் வரிசைதான் எல்லாமே. ஆப்.யூஸ் (app.use) என்று எழுதி நாம் செயற்கூறுகளைக் கோத்த வரிசையில், மேலிருந்து கீழாகத்தான் கோரிக்கை இறங்கும். எந்தத் தடத்திலும் (route, இன்ன முகவரிக்கு இன்ன செயற்கூறு என்ற விதி) பொருந்தாமல் கடைசி வரை வந்துவிடும் கோரிக்கைக்கு 404 (பக்கம் இல்லை) சொல்ல அடியில் ஒன்றை வைக்கிறோமே, அதைக் கடைமடை என்று சொன்னால் ஏன் அடியில் வைக்கிறோம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

கோரிக்கையின் உடலில் (body) வரும் ஜேசான் (JSON) வடிவத் தரவைப் பிரித்துக் கோரிக்கையோடே சேர்த்துவிடும் இடைமடையை எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் மடைவாயில் உரத்தைக் கரைத்துவிட்டால், அதற்குக் கீழே தண்ணீர் பாயும் இடமெல்லாம் உரமும் சேர்ந்து போகும். மடைக்கு மேலே இருக்கிற பாத்திக்குப் போகாது. ஜேசானைப் பிரிக்கும் வரியைத் தடங்களுக்குக் கீழே எழுதிவிட்டு, "உடல் காலியாக வருகிறதே" என்று திணறாத மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு வசதி, மடையிலிருந்து கிளைக்கும் சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. நெக்ஸ்ட்டுக்குள் ஒரு பிழையைப் போட்டு அழைத்தால், எக்ஸ்பிரஸ் இடையில் உள்ள சாதாரணச் செயற்கூறுகளையெல்லாம் தாண்டி, நான்கு அளபுருக்கள் உள்ள செயற்கூற்றுக்குப் போய்விடும். அளபுருக்களின் எண்ணிக்கையைப் பார்த்தே அதை அடையாளம் காண்கிறது. இதற்கு மடைமாற்றம் என்ற சொல்லைத் தேட வேண்டியதே இல்லை, தினமும் எழுதுகிறோம். நான்கு அளபுருக்காரரைப் பிழைமடை எனலாம். 2024-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஓர் இடைமடை திருப்பித் தரும் வாக்குறுதி (promise, விடை பின்னால் வரும் என்று குறிக்கும் பொருள்) முறிந்தால் கோரிக்கை தானாகவே பிழைமடைக்கு மடைமாறுகிறது. நான்காம் பதிப்பில் நாமே பிடித்து மாற்றிவிட வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் இடைப்பொருளை வைத்து எழுதிப் பாருங்கள், எவ்வளவு நீள்கிறது என்று தெரியும்.

மடை என்றதும் பிள்ளைகளுக்கு வசைச்சொல் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். கடைமடை விவசாயிகள் என்று செய்தித்தாளில் படிக்கும்போது நமக்கு அப்படி வருகிறதா? வருவதில்லை.

வலுவான மறுப்பு இன்னொன்று இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் திரும்பி வராது. எக்ஸ்பிரஸில் இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் கோவா (Koa) என்ற இன்னொரு நோட் நிரல்தொகுப்பில் ஒவ்வொரு செயற்கூறும் நெக்ஸ்ட்டுக்காகக் காத்திருந்து, கீழே எல்லாம் முடிந்தபின் மீதி வேலையைச் செய்கிறது. கட்டுப்பாடு போன வழியே ஏறி வருகிறது. அதனால்தான் அவர்கள் வெங்காயத் தோலை உவமை சொல்கிறார்கள். அந்தத் திரும்பு வழியை மடை காட்டாது. ஆனாலும் எந்தக் கலைச்சொல்லும் பொருளின் எல்லாப் பக்கத்தையும் காட்டிவிடுவதில்லை, முதன்மையான பக்கத்தைக் காட்டினால் எனக்குப் போதும்.

அப்புறம், ரவுட்டிங் (routing). திசைவி (router) என்ற சொல் வலையமைப்புக் கருவிக்கு நிலைத்துவிட்டது, அதை அங்கேயே விட்டுவிடுவோம். அது பொட்டலத்தை இன்னொரு கணினியை நோக்கி அனுப்புகிறது. இங்கே நடப்பது, முகவரியையும் வினைச்சொல்லையும் (GET, POST போன்றவை) பார்த்து எந்தச் செயற்கூறு பதில் சொல்லும் என்று முடிவு செய்வது. தடம், தடப்பொருத்தம் என்று வைக்கலாம். பொருத்தம் என்ற சொல் முக்கியம். நூல் என்பதற்குப் பின் எது வந்தாலும் நூலின் எண்ணாக ஏற்கும் தடத்தை மேலே வைத்து, நூல்/புதிது என்ற தடத்தைக் கீழே வைத்தால், "புதிது" என்பதையே நூலின் எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் தடம் பொருந்திவிடும். முதலில் பொருந்தியது முந்திக்கொள்கிறது என்பதைத் திசைவித்தல் சொல்லாது. இதற்கும் வாய்க்கால், கிளைவாய்க்கால் என்று போக வேண்டாம் என்பது என் எண்ணம். ஓர் உருவகத்தை எல்லா இடத்துக்கும் இழுத்தால் அது இருக்கிற இடத்திலும் தளர்ந்துவிடும்.

சொற்பட்டியலில் சேர்க்க என் வரைவு:

இடைமடை: சேவையகத்துக்கு வரும் கோரிக்கையின் வழியில் வரிசையாக நின்று, அதைப் பார்த்தோ மாற்றியோ அடுத்ததற்குத் திறந்துவிடும், அல்லது தானே மறுமொழி தந்து முடிக்கும் செயற்கூறு.

கோவாவில் நாள்தோறும் எழுதுகிறவர்கள் இந்த இழையில் இருக்கிறீர்கள். அந்தத் திரும்பு வழிக்கு உங்கள் அலுவலகத்தில் வாய்ப்பேச்சாக என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வரைவைத் திருத்தித் தருகிறேன்.