இரட்சிக்கப்பட்ட தேதி இல்லாதவன்

பனங்காடு

"பிரதர், நீங்க எப்ப இரட்சிக்கப்பட்டீங்க?"

சென்னைக்கு வந்த புதிதில் ஒரு ஜெபக்குழுவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாள் எது என்று அர்த்தம். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்டார்கள். நான் நாசரேத் பக்கத்து ஆள். பரம்பரை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பத்தாம் வகுப்பில் திடப்படுத்தல், வருஷா வருஷம் அசன பண்டிகைக்கு (சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) ஊர். இவ்வளவுதான் என் கிறிஸ்தவம். எங்கள் ஊரில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வரிசையாகத் தேதி சொன்னார்கள். ஒருவர் மணிகூடச் சொன்னார். என் முறை வந்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: 1997 மே 14.

அந்த மே மாதம் வாலிபர் முகாமுக்குப் போனது உண்மை. அங்கே எனக்கு நடந்தது வயிற்றுப்போக்கு மட்டும்தான்.

தேதி சொன்னால் அதற்கொரு கதை வேண்டுமே. பன்னிரண்டு வருஷம் அந்தக் கதையைச் சாட்சியாகச் சொன்னேன். முதல் வருஷம் "மனசு உடைஞ்சது" என்று மட்டும் இருந்தது. அடுத்த வருஷம் கண்ணீர் சேர்ந்தது. மூன்றாம் வருஷம் ஒரு சத்தமே கேட்டுவிட்டது. கேட்டவர்கள் அழுதார்கள், ஸ்தோத்திரம் என்றார்கள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

உள்ளே பயம் பிடித்து ஆட்டியது. விடியற்காலை நாலரைக்கு ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாசம். தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, கையில் வாங்கும் சம்பளத்துக்கா, பிடித்தத்துக்கு முந்திய சம்பளத்துக்கா என்று குழம்பி, வம்பே வேண்டாம் என்று பெரிய தொகைக்கே கொடுத்தேன். ஒரு நாள் ஜெபம் தவறினால் அன்றைக்குப் பைக்கை எடுக்கவே கை நடுங்கும். தவணை கட்டும்வரை சிரித்துப் பேசி, ஒரு மாதம் பிந்தினால் வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரர் மாதிரி ஆகிவிட்டார் கடவுள்.

2011 தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பழைய உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். (தெரியாதவர்களுக்கு: ஐயர் என்றால் எங்கள் பக்கம் சபைக் குருவானவர். அவர் பல ஊர்களுக்கு ஒருவராகத்தான் இருப்பார். மற்ற நாட்களில் கோயிலைத் திறந்து ஆராதனை நடத்துவது, சீக்காளி வீட்டுக்குப் போவது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருவது எல்லாம் உபதேசியார்தான்.) என்ன தோன்றியதோ, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொய்த் தேதி, பொய்ச் சத்தம், எல்லாம். கண்டிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"எனக்குப் பொறந்த தேதியே தெரியாதுடே. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எங்க ஐயா மழை நேரத்துல பொறந்த பயன்னு சொன்னாரு. வாத்தியாரு ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. நம்மூர்ல ஜூன்ல எங்கடே மழை? அதுக்காக நான் பொறக்காமப் போயிட்டனா?"

கொஞ்ச நேரம் கிழங்கில் நார் எடுத்தார். அப்புறம், "பெத்தவளுக்குத்தான்டே தேதி தெரியணும். பிள்ளைக்கு எதுக்கு?" என்றார்.

பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. பைபிளில் ரோமர் 5:1 மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "'தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்'னு போட்டிருக்கா, 'பெறுவோம்'னு போட்டிருக்கா?" என்று கேட்டார். பெற்றிருக்கிறோம் என்றுதான் இருந்தது. "அப்ப நீ எதுக்குடே இன்னும் கட்டிக்கிட்டு இருக்க?" என்று ஒரு கிழங்கை நீட்டினார்.

மறுநாள் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் வரை போய்வந்தேன்.

உங்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள். தேதி வேண்டாம்.

முத்துநகர்

நான் கத்தோலிக்கப் பெண், தூத்துக்குடி. எங்களிடம் தேதி கேட்க மாட்டார்கள். என் பிரச்சினை வேறு.

மாமியார் கடைசி மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். என்ன வார்த்தை என்று இங்கே எழுதப்போவதில்லை. மறுவாரம் இறந்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) அதைச் சொன்னேன், மன்னிப்பும் கிடைத்தது. அடுத்த மாதம் மறுபடி அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும். இந்தச் சாமியாருக்கு என் குரல் தெரிந்துவிட்டது என்று தோன்றினால் வேறு பங்குக் கோயிலுக்குப் பஸ் ஏறுவேன். சரியாகச் சொல்லவில்லையோ, முழுசாக வருந்தவில்லையோ, பரிகாரச் செபத்தில் கவனம் சிதறியதோ என்று நாலு வருஷம் ஓடியது.

ஒரு வயதான ஃபாதர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்?" என்றார். எண்ணிக்கை தெரியவில்லை என்றேன். "முதல் தடவையே கடவுள் மன்னித்துவிட்டார். அதற்கப்புறம் நீ சொன்னதெல்லாம், அவர் மன்னிக்கவில்லை என்று அவரிடமே சாதிப்பது. இனிமேல் இந்தப் பாவத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. அதுதான் உனக்குப் பரிகாரம்" என்றார். செபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் ஐம்பத்து மூன்று மணியையும் கண்ணீரோடு உருட்டியிருப்பேன். சும்மா இருக்கச் சொன்னது இருக்கிறதே, அப்பா! அதைப்போல் கஷ்டமான பரிகாரம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

பனங்காடு சொன்ன அதே வசனத்தில் எங்கள் திருவிவிலியத்தில் "நல்லுறவு" என்று இருக்கிறது. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். மாமியாரோடு எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

ஒரு வாசகன்

சகோதரி, நல்ல காரியம். ஆனால் பரிகாரம், செபமாலை இதெல்லாம் கிரியைதானே, நாமே செய்து சம்பாதிக்கப் பார்ப்பதுதானே? கிருபையினாலே என்று எபேசியர் 2:8 தெளிவாகச் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் அதை ஏற்பதில்லை.

முத்துநகர்

ஏற்கிறோம் தம்பி. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையே இருக்கிறது. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது. எல்லாச் சண்டையும் அதில் தீர்ந்தது என்று சொல்லவில்லை. என் கதையிலேயே அந்த ஃபாதர் என்ன சொன்னார் என்று இன்னொரு முறை பாருங்கள்.

பழைய வாத்தியார்

தேதி இல்லாதவர்களுக்கு ஆறுதல் சொல்லி முடித்தாயிற்றா? எனக்குத் தேதி உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

1986 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்ல போதை. கூட்டம் நடந்த மைதானத்துக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் இளைய குமாரன் கதை ஓடிக்கொண்டிருந்தது. பையன் மன்னிப்புக் கேட்கப் பாடம் பண்ணிக்கொண்டு வருகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். அந்த இடம் என்னைத் தூக்கிப்போட்டது. போதையில் அழுதிருப்பாய் என்பீர்கள். இருக்கலாம். காலையில் போதை தெளிந்தபிறகும் அது தெளியவில்லை.

ஆனால் சாட்சி சொல்லும்போது நான் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. குடி நின்றது 1993இல். நடுவில் ஏழு வருஷம் இருக்கிறது.

நான் சரித்திர வாத்தியார். அதனால் இந்த ஏழு வருஷத்துக்கு ஆள் தேடினேன். முதலில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கிடைத்தார். 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்னால், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்க, இவர் உள்ளம் அனலானது. மெதடிஸ்டுகள் இன்றும் கொண்டாடும் தேதி. அதே மனுஷன் 1739 ஜனவரியில் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். எட்டு மாதம்கூட ஆகவில்லை!

அடுத்தவர் ஜான் நியூட்டன், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர். 1748 மார்ச்சில் புயலில் கப்பல் முங்கப்போகிறது, கடவுளைக் கூப்பிடுகிறார், பிழைக்கிறார். அந்த நாளை ஆயுசு முழுக்க நினைவுகூர்ந்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? அடிமைகளை ஏற்றிப்போகும் கப்பலுக்கே கேப்டன் ஆனார். 1754இல் கடல் தொழிலை விட்டதுகூட உடம்பு முடியாமல்தான். பிறகு குருவானவரானார். அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எழுதியது 1788இல். புயலிலிருந்து எண்ணினால் நாற்பது வருஷம். கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்களை நினைத்தால் அந்த நாற்பது வருஷத்தைச் சும்மா மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் ஏழு வருஷத்தை வைத்துக்கொண்டு அவர்மேல் கல்லெறியவும் முடியவில்லை.

அந்த ஏழு வருஷமும் ராத்திரி கதவைத் திறந்துவிட்டது என் வீட்டுக்காரி. கிருபை என்றால் அதுதான் என்று ஒருமுறை சபையில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், "கிருபையும் இல்ல ஒண்ணும் இல்ல, போக வேற எடம் இல்லாமத் தொறந்தேன்" என்றாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

மேலவீதி

நான் வைணவக் குடும்பத்தில் பிறந்தவன். தென்கலை. நீங்கள் எல்லோரும் கிருபையைப் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது, தப்பாக நினைக்காதீர்கள். என் பாட்டி திண்ணையில் பூனையைக் காட்டியே சொல்லித்தந்துவிட்டாள். குரங்குக் குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். "நாம பூனைக்குட்டிடா" என்பாள்.

பத்தொன்பது வயதில் இயேசுவிடம் வந்தேன். எனக்கு முன்னாலேயே இந்த வழியில் ஒருவர் போயிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது: எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனைக் கரைத்துக் குடித்த மனுஷன். அவர் கவிதையை வாசிக்கும்போது, பழைய வீட்டின் சாமான்களைப் போட்டுவிட்டு வரவில்லை, எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்று தோன்றும்.

அப்படியானால் ஏன் வந்தாய் என்பீர்கள். அருள் உண்டு என்று பாட்டி சொல்லித்தந்தாள். அந்த அருளுக்கு ஒருவர் காயப்பட்டார் என்பதை நான் சிலுவையில் பார்த்தேன். அதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

கடவுளோடு சமாதானம் ஆன அன்றே வீட்டோடு சண்டை வந்தது. அப்பா பதினொரு வருஷம் பேசவில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய் முகம் மழித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். முடித்துத் துண்டால் துடைக்கும்போது, "காபி சாப்ட்டியா?" என்றார். மதம் பற்றி நாங்கள் கடைசிவரை பேசவில்லை. அதற்கப்புறம் அவர் ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் காபி சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இரவுப்பணி

எல்லோருக்கும் நல்ல முடிவாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை, அதனால் எழுதலாமா என்று தெரியவில்லை.

நான் நர்ஸ். ஆறு வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். ஒரு ஜெபக்குழுவில் விசுவாசம் குறைவு என்றார்கள், மாத்திரையை விடச் சொன்னார்கள். விட்டேன். என்ன ஆனது என்று எழுத விருப்பமில்லை. மறுபடி எடுக்கிறேன், அந்தக் குழுவுக்குப் போவதில்லை.

சில ஞாயிறுகளில் கோயிலில் என்னால் வாய் திறந்து ஜெபிக்க முடியாது. மற்றவர்கள் பாவ அறிக்கை சொல்லும் சத்தத்துக்குள் நின்றுகொள்வேன். எங்கள் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஆல்டரிலிருந்து தொடங்கி, இரண்டு கையாலும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பொத்தி, வரிசை வரிசையாகக் கடத்துவார்கள். நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் வந்திருந்தேன். என் கை சில்லென்று இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி கையைப் பொத்தினவள் விடவில்லை. அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாளோ என்னவோ. எனக்கு எந்தச் சமாதானமும் உள்ளே தோன்றவில்லை. ஆனால் அது என் கையில் வந்துவிட்டது, நான் அதை அடுத்தவருக்குக் கொடுத்தேன். இதைக் கணக்கில் சேர்ப்பீர்களா?

பனங்காடு

சேர்க்காமல்? மாத்திரையை விடாதீர்கள் தங்கச்சி.

உங்கள் பதிவை வாசித்தபிறகு சமாதானம் என்ற வார்த்தையையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்காரர்கள் கோர்ட்டு வரை போவார்கள். பெரியவர்கள் பேசி முடித்ததும், "ரெண்டு பேரும் சமாதானமாப் போயிட்டாங்க" என்போம். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. வழக்கு இல்லை என்று அர்த்தம். ரோமரில் பவுல் சொல்வது இந்தச் சமாதானம்தான் என்று நினைக்கிறேன். மனதுக்குள் வரும் அமைதியை பிலிப்பியரில் தனியாகச் சொல்கிறார். நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் பன்னிரண்டு வருஷம் நாலரைக்கு எழுந்தேன்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெபக்குழுவில் போய் மே 14 பொய் என்று சொன்னேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடவும் இல்லை. ஆனால் அன்றைக்கு வெளியே பைக்கை எடுக்கும்போது, மணிகூடச் சொன்னார் என்றேனே, அவர் வந்து பக்கத்தில் நின்றார். என்னவோ சொல்ல வந்தார். சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றுவிட்டு, "உங்க ஊர்ல பனங்கிழங்கு எப்ப கிடைக்கும் பிரதர்?" என்று கேட்டார். தையில் என்றேன்.

உபதேசியார் 2014இல் போய்ச் சேர்ந்தார். கல்லறையில் பெயருக்குக் கீழே பளிங்கில் பொறித்திருக்கிறார்கள்: தோற்றம், ஜூன் 1.