மூன்று மாதம் வரை மௌனமா? ஜெர்மனியில் முதல் கரு, வேலை, குடியுரிமை

கேள்வி: ஸ்டுட்கார்ட் வாசகி, அக்டோபர் 2025

வணக்கம். எனக்கு இது ஏழாவது வாரம், முதல் கரு. கணவர் 2021 நவம்பரில், உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரப்படும் வசிப்பு அனுமதியான புளூ கார்டில் இங்கு வந்தார். சென்ற ஆண்டு அவருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. நான் திருமணமாகி 2023-இல் வந்தேன். நான்கு மாதங்களாக ஒரு வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை.

மூன்று மாதம் நிறையும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கண் பட்டுவிடும் என்பது அவருடைய அச்சம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆய்வகத்தில் நாள்தோறும் கரைப்பான்களைக் கையாள்கிறேன், மேலாளரிடம் சொல்லவோ நா எழவில்லை. சென்ற வாரம் மதிய உணவின்போது பேச்சு குடியேற்றத்தின் பக்கம் திரும்பியது. வெளிநாட்டினர் பிள்ளை பெற்று உதவித்தொகை வாங்கவே வருகிறார்கள் என்று உடன் பணிபுரியும் ஒருவர் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “உங்களைச் சொல்லவில்லை” என்றார். சேர்ந்த நான்காம் மாதத்திலேயே நான் கருவுற்றிருப்பதைச் சொன்னால், அவருடைய பேச்சுக்கு நானே சான்றாகிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். யாரிடம், எப்போது முதலில் சொல்வது? ஜூன் தொடக்கத்தில் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு எந்தக் குடியுரிமை கிடைக்கும்?

மறுமொழி 1: ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து

வாழ்த்துகள். முதலில் கரைப்பான்களைப் பற்றி: இதில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் இவைதான். நீங்கள் தெரிவித்தால்தான் நிறுவனம் உங்கள் பணியிடத்தின் ஆபத்துகளை ஆராய்ந்து, வேலையை மாற்றித் தரவோ, முடியாவிட்டால் முழு ஊதியத்துடன் உங்களை வேலையிலிருந்து விலக்கி வைக்கவோ கடமைப்படும். அந்த ஊதியச் செலவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் முதலாளிக்குத் திருப்பித் தந்துவிடும். ஆகவே யாருக்கும் சுமையாகிறோம் என்று நீங்கள் கூசத் தேவையில்லை.

தகுதிகாண் பருவத்திலும் கருவுற்ற பெண்ணைப் பணிநீக்கம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. அரிதான விதிவிலக்குக்கும் அரசு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். இப்பாதுகாப்பு பிரசவத்துக்குப் பின் நான்கு மாதம் வரை நீடிக்கும். உங்களுடையது காலவரையறை உள்ள ஒப்பந்தமா என்பதை மட்டும் பாருங்கள், ஏனெனில் அது குறித்த நாளில் முடிந்துவிடும், கருவுற்றிருப்பதால் நீளாது. மேலாளரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் நிறுவன மருத்துவரிடம் முதலில் பேசலாம். ரகசியம் காப்பது அவருடைய கடமை. நிறுவனமும் இச்செய்தியை உடன் பணிபுரிவோரிடம் பரப்பக் கூடாது.

‘ஹெபாமெ’ எனப்படும் மகப்பேற்றுத் துணையாளரையும் இப்போதே தேடத் தொடங்குங்கள். பெரிய நகரங்களில் தாமதித்தவர்களுக்கு அவர்கள் கிடைப்பதில்லை.

மறுமொழி 2: பெர்லினிலிருந்து

குடியுரிமையைப் பற்றி எழுதுகிறேன். ஜெர்மனியில் பிறந்தாலே குடியுரிமை வந்துவிடாது. பெற்றோரில் ஒருவர், குழந்தை பிறக்கும் நாளில், சட்டப்படி ஐந்து ஆண்டுகள் இங்கு வாழ்ந்து நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருக்க வேண்டும். 2024 ஜூன் 27-க்கு முன் இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. உங்கள் கணவருக்கு ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் குறையும். எனவே குழந்தை பிறப்பால் ஜெர்மன் குடிமகனாகவோ குடிமகளாகவோ ஆகாது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இந்தியக் கடவுச்சீட்டு வாங்குங்கள். பின்னாளில் நீங்கள் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் குழந்தையையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை; ஆகையால் அந்த முடிவை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

அந்த உணவு மேசைப் பேச்சு எனக்கும் வலிக்கிறது. அவர் எந்த உதவித்தொகையை நினைத்தாரோ தெரியாது. வேலைக்குப் போகும் தாய்க்குக் கிடைக்கும் பெற்றோர் உதவித்தொகை, பிரசவத்துக்கு முன் அவர் ஈட்டிய நிகர ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. இவ்வாண்டு ஜனவரி 29 அன்று, தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் வாக்குகளோடு குடியேற்றத்துக்கு எதிரான தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது நான் இரவெல்லாம் உறங்கவில்லை. மறுநாளே அதே அவை, பதின்மூன்றாம் வாரத்திலிருந்து கரு கலைந்துபோன பெண்களுக்கும் மகப்பேற்று விடுப்பு தரும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூன் மாதம் முதல் அது நடைமுறையில் உள்ளது. அந்த விடுப்பு உங்களுக்கும் உரியது, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது கேட்பதில்லை. இந்த நாட்டில் வாழ்வதென்றால் இவ்விரண்டு நாள்களோடும் சேர்த்துத்தான் வாழ வேண்டியிருக்கிறது.

மறுமொழி 3: கொலோனிலிருந்து

அன்புத் தங்கைக்கு. 2009-இல் என் முதல் கரு பத்தாவது வாரத்தில் கலைந்தது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுநாள் அம்மா தொலைபேசியில் வழக்கம்போல் “சாப்பிட்டாயா?” என்று கேட்டார், நானும் வழக்கம்போல் “ஆயிற்று” என்றேன். கரு உண்டானதையே சொல்லாதபோது, அது போனதை எப்படிச் சொல்வது?

மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் அந்த மூன்று மாத மௌனம் தெருவுக்குத்தான். வீட்டுக்குள்ளே அம்மாவுக்கும் அக்காவுக்கும் அண்ணிக்கும் தெரிந்திருக்கும். மசக்கையில் சுருண்டு கிடக்கும் பெண்ணுக்கு எலுமிச்சையை நறுக்கிக் கொடுக்க ஓர் ஆள் இருக்கும். இரண்டு பேர் மட்டும் வாழும் வீட்டுக்கு அதே மௌனத்தை அப்படியே கொண்டுவந்தால், அதன் காவல் போய்விடுகிறது, தனிமைதான் மிஞ்சுகிறது. உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த ஊரில், நள்ளிரவில் அழைத்தாலும் வரக்கூடிய ஒரு பெண்ணிடமும் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் போதும்.

அம்மாவை அழைப்பதானால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். பிரசவத்துக்கு முன்பே அந்த நாள்களைச் செலவழித்துவிடாதீர்கள். பிறந்த முதல் பத்து நாள்கள் ஹெபாமெ தினமும் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அம்மா அதற்குப் பிறகு வந்தால், தனித்துவிடப்படும் வாரங்களில் உடனிருப்பார்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நிறுவன மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமை காலை நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை கரைப்பான்களைத் தொடாமல் விடுப்பில் இருக்கிறேன். குடியுரிமைக் கணக்கைக் கணவர் நாள்காட்டியை வைத்து மீண்டும் எண்ணிப் பார்த்தார், நீங்கள் சொன்னபடியேதான் வருகிறது. கொலோன் அக்கா, உங்கள் மறுமொழியைப் படித்துவிட்டு நேற்று இரவு அம்மாவை அழைத்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது?” என்று கேட்டார்.