பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்: நடுவரின் பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஹட்டன் நடன ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனில் ஒரு பாடசாலையில் பரதம் கற்பிக்கிறேன். வலய மட்டப் போட்டிகளில் நடுவராகவும் அமர்ந்திருக்கிறேன் என்பதால், தோற்ற பிள்ளையின் பெற்றோர் கேட்கும் கேள்விகள் எனக்குப் பழகியவையே. இப்போது கேட்பவர்கள் என் உயர்தர மாணவிகள். 2014 சோச்சி ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் தென் கொரியாவின் யூனா கிம்மும் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவாவும் பனித்தளத்தில் ஆடிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, கிம் எப்படி இரண்டாம் இடத்துக்குப் போனார் என்று என்னை விடாமல் கேட்கிறார்கள். தை மாத அதிகாலையில் நுவரெலியாப் புல்வெளியில் உறையும் பனியைத் தவிர வேறு பனியைக் கண்டிராத பிள்ளைகள் என்றாலும், உடலின் கோடும் இசையோடு இணையும் விதமும் அவர்களுக்குத் தெரியும்.

அந்த முடிவு நியாயமானதா? அன்று எந்த நடுவர் எந்தப் புள்ளியை இட்டார் என்பது மறைக்கப்பட்டிருந்தது என்றும், இப்போது அது வெளியிடப்படுகிறது என்றும் வாசித்தேன். அதனால் ஏதாவது மாறியிருக்கிறதா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் மாணவிகளிடம் சொல்ல உதவியாக இருக்கும்.

பதுளை கணித ஆசிரியர்

டீச்சர், முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த விவாதத்தில் பலரும் கணக்கைப் பார்க்காமலேயே கோபப்படுகிறார்கள். மொத்தத்தில் சோட்னிகோவா 224.59, கிம் 219.11. ஒவ்வொருவரும் குறுகிய ஆட்டம், நீள ஆட்டம் என இரண்டு முறை ஆடுவார்கள்; இரண்டின் கூட்டலே மொத்தம். குறுகிய ஆட்டத்தில் கிம்தான் 0.28 புள்ளியால் முன்னின்றார். ஆகவே எல்லாம் நீள ஆட்டத்தில்தான் தீர்மானமானது. அதில் சோட்னிகோவாவுக்கு 149.95, கிம்முக்கு 144.19.

இந்த 5.76 புள்ளி வித்தியாசத்தைப் பிரித்தால் மூன்று பகுதிகள் கிடைக்கும். தாவல், சுழற்சி போன்ற ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்கூட்டியே அச்சிடப்பட்ட அடிப்படைப் பெறுமதி உண்டு. அதில் சோட்னிகோவாவின் ஆட்டம் 61.43, கிம்மின் ஆட்டம் 57.49. சோட்னிகோவா மும்முறைத் தாவல்கள் (காற்றில் மூன்று முறை சுழல்பவை) ஏழைச் செய்தார், கிம் ஆறைச் செய்தார். இங்கேயே 3.94 புள்ளி போய்விடுகிறது. அடுத்தது, ஒவ்வோர் அங்கமும் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என்பதற்கு நடுவர்கள் செய்யும் கூட்டலும் கழித்தலும். அதில் சோட்னிகோவாவுக்கு 14.11, கிம்முக்கு 12.20. மூன்றாவதான கலைத்திறன் புள்ளியில் கிம் 0.09 மட்டுமே கூடப் பெற்றார்.

ஆகவே வித்தியாசத்தின் மூன்றில் இரண்டு பங்கு, யார் கடினமான ஆட்டத்தை அமைத்துக்கொண்டார் என்பதிலிருந்தே வந்தது. இதை மாணவிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஆட்டம் வெல்லும் என்று அந்த விதிப்புத்தகம் எங்கும் உறுதியளிக்கவில்லை.

தலவாக்கலை வாசகன்

கணிதம் சேர் சொன்ன கூட்டல் சரி. ஆனால் கூட்டப்பட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அவர் தொடவில்லை. அடிப்படைப் பெறுமதி அச்சிடப்பட்டது என்பது பாதி உண்மைதான். தாவல் முழுமையாகச் சுழன்றதா, காலணிக் கத்தியின் சரியான விளிம்பிலிருந்து எழுந்ததா, பாத நகர்வுத் தொடர் எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பவற்றைத் தீர்மானிப்பது மூவர் கொண்ட தொழில்நுட்பக் குழு. சோச்சியில் அந்தக் குழுவின் தலைமை ஒரு ரஷ்யரிடம் இருந்தது. கிம்மின் பாத நகர்வுத் தொடருக்கு மூன்றாம் தரமும் சோட்னிகோவாவின் தொடருக்கு அதைவிட உயர்ந்த நான்காம் தரமும் கிடைத்தன. அந்தத் தீர்ப்புத் தவறென்று நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு வரிகூட எழுதப்பட்டு வெளியிடப்படவில்லை என்பதே என் குறை.

கலைத்திறனில் 0.09 என்பதைச் சிறிய எண்ணாகக் கடந்து போவதும் சரியல்ல. அதே ஆண்டு சனவரியில் ஐரோப்பியப் போட்டியில் சோட்னிகோவாவின் மொத்தம் 202.36. அடுத்த மாதமே சொந்த நாட்டில் 224.59. வளரும் வயதில் அப்படி ஒரு பாய்ச்சல் நிகழலாம். ஆனால் 2010 வான்கூவரில் தங்கம் வென்ற கிம்மோடு கலைத்திறனில் ஏறக்குறையச் சமமாக அவர் ஒரே மாதத்தில் வந்து நின்றதற்கு, ஒரு வாக்கிய விளக்கமாவது வேண்டாமா?

நீள ஆட்டத்தின் நடுவர்களில் ஒருவர் உக்ரைனின் யூரி பால்கோவ். 1998 நாகானோ ஒலிம்பிக்கின் ஐஸ் டான்ஸ் போட்டியில் முடிவுகளை முன்கூட்டியே பேசியது ஒலிப்பதிவில் அகப்பட்டு ஓராண்டு இடைநிறுத்தப்பட்டவர். இன்னொருவர் அல்லா ஷெகோவ்ட்சோவா. ரஷ்ய ஸ்கேட்டிங் சம்மேளனத்தில் நீண்ட காலம் உயர் பொறுப்பில் இருந்த வலன்டின் பிசேயெவின் மனைவி. பெயர் மறைப்பு நடைமுறையில் இருந்ததால், புள்ளித்தாளில் எந்த நிரல் யாருடையது என்று வெளியே எவருக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் நேர்மையாகவே புள்ளி இட்டிருந்தாலும் அதை நிரூபிக்க அவர்களுக்கே வழி இல்லை.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டும் எடை எல்லோருக்கும் தெரியும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றித்தான் சண்டை வரும். இங்கும் அப்படியே.

பண்டாரவளை ஓய்வுபெற்ற அதிபர்

தம்பி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பெயரை மறைக்கும் ஏற்பாடு ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் இணையர் போட்டியில், தன் சம்மேளனத்தின் அழுத்தத்தால் ரஷ்ய இணைக்கு வாக்களித்ததாகப் பிரெஞ்சு நடுவர் ஒருவர் கூறி, பின்னர் அதையே மறுத்தார். கடைசியில் கனடிய இணைக்கும் ஒரு தங்கம் வழங்கப்பட்டது. அதன் பிறகுதான் உச்சப் புள்ளி 6.0 என்றிருந்த பழைய முறை கைவிடப்பட்டு, 2004 இல் புதிய புள்ளிமுறை நடைமுறைக்கு வந்தது. யார் என்ன புள்ளி இட்டார் என்பது வெளியே தெரியாவிட்டால் சம்மேளனங்களால் நடுவர்களை மிரட்ட முடியாது என்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வாதிட்டது.

கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால் அமெரிக்கப் பொருளியலாளர் எரிக் சிட்செவிட்ஸ் புள்ளித் தரவுகளை ஆராய்ந்தபோது, மறைப்புக்குப் பிறகு சொந்த நாட்டுச் சார்பு குறையவில்லை, கூடியிருந்தது. 2016 இல் சங்கமே அந்த மறைப்பை நீக்கியது. எனவே டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மாறியிருக்கிறது, ஆனால் போதாது. பெயர் வெளிவந்ததால் சார்பை அளக்க முடிகிறது; நடுவர்களை முன்மொழிவது இன்னமும் அந்தந்த நாட்டுச் சம்மேளனங்கள்தாம் என்பதால் சார்பின் வேர் அப்படியே இருக்கிறது. ஒன்பது பேரில் மிகக் கூடிய புள்ளியையும் மிகக் குறைந்த புள்ளியையும் விலக்கிவிட்டுச் சராசரி எடுப்பது ஒருவரின் சார்பைத் தடுக்கும். இருவர் ஒரே திசையில் சாய்ந்தால் அது தடுக்காது.

இதோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அலினா ஸகிடோவா தன் நீள ஆட்டத்தின் தாவல்கள் அனைத்தையும் பிற்பாதியில் வைத்தார். களைத்த நிலையில் தாவுவதற்கு அன்று பத்து வீத மேலதிகப் புள்ளி இருந்தது. நீள ஆட்டத்தில் அவரும் இன்னொரு ரஷ்ய வீராங்கனையான எவ்கேனியா மெட்வெடேவாவும் சரியாக 156.65 பெற்றார்கள், குறுகிய ஆட்டத்தின் முன்னிலையால் ஸகிடோவா வென்றார். பலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் அந்த ஆட்டம் முன்பாதியில் வெறுமையாகத்தான் தெரிந்தது. ஆனால் விதி எல்லோர் கையிலும் முன்பே இருந்தது. அடுத்த பருவத்திலேயே அதைத் திருத்தி, நீள ஆட்டத்தின் கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பிடிக்காத விதியைத் திருத்த வழி இருக்கிறது. காரணம் எழுதப்படாத தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடுகூடச் செய்ய முடியாது. அந்தச் சங்கத்தின் விதிப்படி கூட்டல் பிழைக்குத்தான் ஆட்சேபம் ஏற்கப்படும், மதிப்பீட்டுக்கு அல்ல. கொரிய ஒலிம்பிக் குழு, புள்ளியை விட்டுவிட்டு, ஷெகோவ்ட்சோவா நடுவராக இருந்ததையும் போட்டிக்குப் பின் சோட்னிகோவாவை அணைத்துக்கொண்டதையும் முன்வைத்து முறையிட்டது. அதுவும் 2014 இலேயே தள்ளுபடி செய்யப்பட்டது.

ஹட்டன் நடன ஆசிரியை

மூவருக்கும் நன்றி. கணக்கை மாணவிகளே பிரித்துப் பார்க்கட்டும் என்று நினைக்கிறேன். அந்தப் புள்ளித்தாளை வாசிப்பது எப்படி?

பதுளை கணித ஆசிரியர்

சர்வதேசப் போட்டிகளின் முடிவுப் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளித்தாள் இருக்கும், டீச்சர். இடப்பக்கம் அங்கத்தின் பெயர், அதை அடுத்து அடிப்படைப் பெறுமதி, பின் ஒன்பது நடுவர்களின் நிரல்கள், கடைசியில் கிடைத்த புள்ளி. 2018 வரை ஓர் அங்கத்தின் கூட்டல் கழித்தலுக்கு நடுவர் இடக்கூடிய எல்லை மறை மூன்று முதல் நேர் மூன்று வரை. அதன் பின் மறை ஐந்து முதல் நேர் ஐந்து வரை. கலைத்திறன் பிரிவுகள் 2022 இல் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டன. எனவே சோச்சித் தாளையும் இன்றைய தாளையும் எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2016 க்குப் பிந்திய தாள் ஒன்றை எடுத்து, நடுவர் பட்டியலில் உள்ள நாட்டையும் ஆடுபவரின் நாட்டையும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளைக்குள் முடிக்கக்கூடிய பயிற்சிதான்.